பொசைடன் அண்ணாச்சி முன்னால் துண்டு கட்டி நின்ற கூட்டம்

“அக்கா, உங்க தமிழ் ஆளுங்க எல்லாரும் கடவுள் முன்னாடி துண்டு கட்டிட்டு வரிசையில நிக்கிறாங்களே, இது என்ன பரிபாடி, என்ன கூத்து?”

கொச்சியில் கேம் தயாரிக்கும் ஸ்டுடியோவிலிருந்து ஜோசப் சார் போனில் இப்படிக் கேட்டபோது நான் தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. “போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன் சார்” என்றேன். கத்தரிக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். கடைக்காரர் என்னை முறைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் மாடரேட்டர். ஒரு ஆன்லைன் கேம் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் தமிழ் அரட்டை அறைக்குக் காவல். கெட்ட வார்த்தையை நீக்குவேன், சண்டையை விலக்குவேன், ஏமாற்றுகிறவர்களின் ஐடியை நிரந்தரமாக முடக்கச் சொல்லி ஸ்டுடியோவுக்கு எழுதுவேன். அதற்குப் பெயர் பேன். எங்கள் தெருவில் கேட்டால் “அவ கம்ப்யூட்டர்ல சண்டை விலக்குதா” என்பார்கள். அதுவும் சரிதான்.

1. கடவுள் அண்ணாச்சி ஆனது

எங்கள் கேமின் வில்லன் பொசைடன், கிரேக்கர்களின் கடல் கடவுள். அந்த உருவத்தை வடிவமைத்தவர் ஜோசப் சார்தான். இரண்டு வருஷ உழைப்பு. மலை உயரம், பாசி படர்ந்த தாடி, கையில் மூன்று முனை ஈட்டி. கடலிலிருந்து எழுந்து, ‘நான் பொங்கினால் நகரங்கள் மிஞ்சாது’ என்று கர்ஜிப்பார். ஹெட்போனில் முதன்முதலாக அதைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது.

மற்ற மொழி அறைகளில் பயந்து பயந்து பேசிக்கொண்டார்கள். எங்கள் அறையை ஆரம்பித்தவர்கள் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து ஆட்கள். அங்கே வந்த முதல் பதில் இது: “எப்ப அண்ணாச்சி பொங்குவீய? ஜூன் பொறந்தாச்சு, மெயினருவியில நூல் மாதிரி வடியுது.”

அன்றோடு கடவுள் அண்ணாச்சி ஆகிவிட்டார். எங்கள் அருவிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சாரல் தாமதமானால் “அண்ணாச்சி கேரளாவுலயிருந்து தண்ணிய ஏத்திக்கிட்டு வந்தாவ, புளியறை செக்போஸ்ட்ல மடக்கிட்டானுவ, பில் இல்லையாம்” என்று ஒருவர் போடுவார். அடுத்தவர் அதற்குப் படம் வரைவார்: லாரி டிரைவர் சீட்டில் பொசைடன், தாடியோடு, போலீஸிடம் கெஞ்சிக்கொண்டு. ஈட்டியை வைக்கோல் அள்ளுகிற கம்பு என்பார்கள். தாடியைப் பார்த்து, சலூனுக்குப் போக நேரமில்லையா என்று விசாரிப்பார்கள். நான் நீக்க வேண்டியவற்றை நீக்குவேன். ஆனால் பாதி நேரம் நீக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருப்பேன்.

இதில் ஜோசப் சாருக்கு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். ஆசையாசையாகச் செய்த கடவுளை லாரியில் ஏற்றினால் யாருக்குத்தான் வருத்தம் வராது?

2. வரிசை

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாடரேட்டருக்கு ஒரு மறைவுப் பார்வை உண்டு. கேமுக்குள் போய் எல்லாரையும் பார்க்கலாம், நம்மை யாரும் பார்க்க முடியாது. உள்ளே போனேன்.

பொசைடனின் கடைசி அடிக்குப் பெயர் பெருவெள்ளம். மலை உச்சியிலிருந்து தண்ணீர் நகரத்துச் சதுக்கத்தில் கொட்டும். அடியில் நின்றால் உயிர் மளமளவென்று குறையும். பயந்து எல்லாரும் விலகினால் வெள்ளம் ஊருக்குள் புகுந்து ஆட்டம் முடிந்துபோகும். யாராவது ஒருவர் அடியில் நின்று தாங்கிக்கொண்டே இருந்தால்தான் ஊர் பிழைக்கும். அதற்கென்று ஒரு கவசம் அடுத்த அப்டேட்டில் வருவதாக இருந்தது. அதுவரை எந்த நாட்டுக்காரனாலும் ஜெயிக்க முடியாது என்று ஸ்டுடியோ நினைத்திருந்தது.

எங்கள் ஆட்கள் ஜெயிக்கப் போகவில்லை. ஊரில் அருவி சீசன் தொடங்கிய குஷியில், அண்ணாச்சி தண்ணீர் விடுகிறார், குளித்துவிட்டு வருவோம் என்று போயிருக்கிறார்கள். மேலிருந்து தண்ணீர் விழுந்தால் ஓட வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கவசத்தையெல்லாம் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டு கட்டியிருந்தார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது மாதிரி, மருந்து போடத் தெரிந்தவர்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லார் தலையிலும் மருந்தைத் தேய்த்து உயிரை ஏற்றி அனுப்பினார்கள். ஒருவர் உள்ளே போவார். சதுக்கத்துத் தூண் மேல் நின்ற ஒரு பெண் விசில் அடிப்பாள். அவர் வெளியே வருவார், அடுத்தவர் போவார். வந்தவர் மறுபடியும் எண்ணெய்க்காரரிடம் போய் வரிசையின் கடைசியில் நிற்பார்.

யாருக்கும் உயிர் முழுதாகக் குறையவில்லை. தண்ணீருக்கு அடியில் ஆள் இல்லாத நொடியும் இல்லை. முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். வரிசை நீண்டு தெருவுக்குள் போயிற்று. எங்கிருந்தோ வந்த வேறு மொழிக்காரர்கள் விஷயம் புரியாமலே கவசத்தைக் கழற்றிவிட்டுப் பின்னால் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. மலை உயரக் கடவுள் தன் பலத்தையெல்லாம் கொட்டுகிறார், துண்டு கட்டிய கூட்டம் முறை மாற்றி முறை மாற்றி அதை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் தண்ணீர் தீர்ந்தது. பொசைடன் தடுமாறி முட்டி போட்டார். அவர் தோற்கும் காட்சியை அதற்கு முன் உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறையில் ஒருவர் எழுதினார்: “அண்ணாச்சிக்கு மோட்டார் சூடாயிட்டு போல.”

3. விசில் அக்கா

மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து தகவல் வந்தது. கேமின் ஓட்டையைப் பயன்படுத்தி ஜெயித்திருக்கிறார்கள், இது எக்ஸ்ப்ளாய்ட். முன்னின்று நடத்தியவர்களை பேன் செய்ய வேண்டும். முதல் பெயர், தூண் மேல் நின்று விசில் அடித்தவருடையது. அறையில் அவரை எல்லாரும் விசில் அக்கா என்பார்கள். ஜோசப் சார் வேறு வேலையாகத் தென்காசி வழியே வருகிறார், நேரில் பேசி முடிவு செய்யலாம் என்றும் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் விசில் அக்கா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்.

“அக்கா, தப்பா நினைக்காதீய. நான் போலீஸ்ல இருக்கேன். சீசனுக்கு ஐந்தருவியில டூட்டி. பகல் பூரா விசில் அடிச்ச பழக்கத்துல அங்கனயும் அடிச்சுட்டேன். பேன்னு பேசிக்கிடுதாவ. எங்க வீட்டுக்காரவிய ஆர்மில, பார்டர்ல இருக்காவ. போன்ல ‘சாப்பிட்டியா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா’ன்னு கேப்பாவ, அப்புறம் பேச்சு வராது, வச்சிருவாவ. கேம்ல வந்தா அப்படி இல்லக்கா. நானும் அவியளும் ஒரே படகுல துடுப்பு போட்டுக்கிட்டே போவோம். அங்கன குளிரு, பயம், எல்லாத்தையும் அப்பதான் சொல்லுவாவ. அந்தப் படகு என் ஐடியிலதான் இருக்கு. ஐடி போச்சுன்னா நான் அவியள எங்கன போயி பாக்க?”

படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பேன் செய்தால் படகும் போகும், பேசியதெல்லாமும் அழிந்துபோகும். திரும்பக் கிடைக்காது. எத்தனையோ பேன் போட்ட கை என்னுடையது. அன்றைக்கு அது பட்டன் பக்கம் போகவில்லை.

இதை ஜோசப் சாரிடம் சொல்லவும் முடியாது. விளையாடுகிறவர் யார், எந்த ஊர், என்ன வேலை என்று வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை மீறினால் நான் இந்த நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாதவள். இப்போது இங்கே எழுதுவதுகூட அவரே சரி சொன்ன பிறகுதான். “பாக்கேன்ம்மா” என்று மட்டும் பதில் எழுதினேன்.

4. ஐந்தருவி

ஜோசப் சார் புளியறை வழியாகக் காரில் வந்தார். சென்னையில் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாக வரும், இடையில் மலையாளம் எட்டிப் பார்க்கும். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

“அக்கா, எனக்கு ஜெயிச்சது வெஷமம் இல்ல, வருத்தமே இல்ல. என் பொசைடனைப் பார்த்தா ஆளுங்க பயப்படணும். உங்க ஆளுங்க என்னை களியாக்குறாங்க, கேலி பண்றாங்க.”

“சார், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு குளியல் போட்டுருவோம். துண்டு வச்சிருக்கேன்” என்றேன். என்னிடம் வேறு திட்டம் எதுவும் இல்லை. வாதாடி ஜெயிக்கிற ஆளும் இல்லை நான்.

நல்ல சாரல். ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் அவரை வரிசையில் விட்டுவிட்டு நான் படிக்கட்டுப் பக்கம் நின்றேன். பெண் போலீஸ் சிலர் அங்கங்கே விசிலோடு நின்றார்கள். எல்லார் முகமும் நனைந்திருந்தது. இவர்களில் யார் விசில் அக்கா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

ஜோசப் சார் முறை வந்தது. உள்ளே போனவர் தண்ணீரின் அடி தாங்காமல் குனிந்துவிட்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஆளின் இன்னொரு கையை வேறொருவர் பிடித்திருந்தார். விசில் கேட்டதும் எல்லாருமாக அவரை வெளியே நகர்த்திவிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனார்.

அப்போதுதான் தண்ணீரின் நிறம் மாறியது. மேலே மலையில் மழை பிடித்திருக்க வேண்டும். வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் கலந்து பழுப்பாயிற்று. படிக்கட்டுப் பக்கம் நின்ற பெண் போலீஸ் விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். அதுவரை கூச்சலும் கும்மாளமுமாக இருந்த கூட்டம் மறுபேச்சில்லாமல் நகர்ந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. கையைப் பிடித்தவர்கள் பிடித்தபடியே வந்தார்கள். வழுக்கியவரை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். கடைசி ஆளும் வெளியே வந்த பிறகுதான் அந்தப் பெண் தன் இடத்தைவிட்டு நகர்ந்தார்.

அப்புறம் வெள்ளம் வந்தது. ஐந்து கிளையும் ஒன்றாகிப் பாறையே தெரியவில்லை. ஒரு முழு மரக்கிளை, சற்று முன் ஜோசப் சார் நின்ற இடத்தில் வந்து விழுந்து நொறுங்கியது. தரை அதிர்வது காலில் தெரிந்தது. பிறந்ததிலிருந்து இந்த அருவியைப் பார்க்கிறேன், அன்றைக்கு எனக்குக் கை கூப்பத் தோன்றியது. ஈரத் துண்டோடு நின்ற அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: “போதும் அண்ணாச்சி! மோட்டாரை ஆஃப் பண்ணுங்க!”

அந்த ஆள் எங்கள் கேம் ஆடுகிறவரா, சும்மா கத்தினாரா, தெரியாது. கூட்டம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையும் சிரித்தது. ஜோசப் சார் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரையும் அந்த ஜனங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காருக்குத் திரும்புகையில் சொன்னார்: “அக்கா, இவங்களுக்குப் பயமே இல்லைன்னு ஞான் நெனச்சுப் போயி. பயம் இருக்கு. நல்லாவே இருக்கு. பயந்தவன் கையைப் பிடிச்சுக்கிறாங்க, அப்புறம்தான் சிரிக்கிறாங்க. இதை நான் எப்படி பேன் பண்ணுவேன்?”

“அப்போ பேன் வேண்டாம்னு எழுதிரட்டுமா சார்?”

“இப்பவே எழுதுங்க.”

காரில் உட்கார்ந்தே எழுதி அனுப்பினேன். துண்டை உதறிக்கொண்டிருந்த அவரிடம் என் கண்ணைக் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

5. அப்டேட்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒரு கூட்டத்தின் மேல் ரிப்போர்ட் வந்தால் உடனே பட்டனில் கையை வைக்காதீர்கள். அந்த ஜனங்கள் எந்த ஊர், எதற்குப் பயப்படுகிறார்கள், பயந்தால் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் விசாரியுங்கள். கேலி செய்கிறவன் எல்லாம் மரியாதை கெட்டவன் இல்லை. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அடுத்த அப்டேட் வந்த அன்று மறைவுப் பார்வையில் நானும் உள்ளே இருந்தேன். கவசம் வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் ஆட்கள் துண்டோடுதான் போனார்கள். வெள்ளம் தீர்ந்து பொசைடன் முட்டி போட்டார். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்று முடியவில்லை. ஜோசப் சார் யாரிடமும் சொல்லாமல் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

கடவுள் ஈட்டியைத் தரையில் வைத்தார். மலை உயரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி ஆள் உயரத்துக்கு வந்தார். இடுப்பில் ஒரு துண்டு. தெருவழியே மெதுவாக நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். மலையிலிருந்து தண்ணீர் மறுபடியும் விழ ஆரம்பித்தது, இம்முறை யாருடைய உயிரும் குறையவில்லை. ஓயாமல் அரட்டை ஓடும் எங்கள் அறையில் அப்போது ஒரு எழுத்துகூட விழவில்லை.

வரிசை நகர்ந்தது. தன் தண்ணீருக்கு அடியில் தானே போய் நின்றார் கடவுள். தூண் மேலிருந்த விசில் அக்கா, எல்லாருக்கும் விடுகிற நேரத்தை அவருக்கும் விட்டு, விசில் அடித்தார். கடவுள் நகர்ந்து வழிவிட்டார்.

அவருக்குப் பின்னால் தோளில் துடுப்போடு ஒருவர் உள்ளே போனார். யாரென்று அறையில் எல்லாருக்கும் தெரியும், விசில் அக்காவின் படகுக்காரர். நேரம் ஆனது, விசில் வரவில்லை. இன்னும் ஆனது, வரவில்லை.

“ஏ விசில் அக்கா, என்ன தூங்கிட்டியளா? அத்தானுக்கு மட்டும் கூட நேரமோ?” என்று அறை மொத்தமும் கூச்சல் போட்டது.

பதில் படகுக்காரரிடமிருந்து வந்தது. “கொஞ்சம் பொறுங்கலே. ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் ஊர்த் தண்ணி.”