விட்டுப்போன ஒரு பெயர்

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தவறு என்னுடையது.

நான் கொடைக்கானலில் வழக்கறிஞராக இருக்கிறேன். கூலி வேலை செய்கிறவர்கள் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள இடம் பார்ப்பது, பத்திரம் சரிபார்ப்பது, வங்கிக் கடனுக்கு வழி செய்வது, இதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. புது வீட்டுச் சாவியை ஒரு பெண் முந்தானையில் முடிந்துகொள்வதை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை பிடிக்கவில்லை.

அட்டுவம்பட்டியில் பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடம் வாங்கினார்கள். எல்லோரும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள். நிலம் பாலசமுத்திரத்துப் பெரியவர் ஒருவருடையது. அவர் இறந்தபின் மகள் பாப்பாத்தியம்மாள் விற்றார். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அதை நம்பி, வில்லங்கம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வங்கியும் கடனில் முதல் பகுதியைக் கொடுத்தது. ஜனங்கள் தகரக் கொட்டகைகளைப் பிரித்துவிட்டு அஸ்திவாரம் போட்டார்கள்.

சுவர் இடுப்பளவு எழும்பிய நேரத்தில்தான் அந்தக் கடிதம். பெரியவர் எழுதிய பழைய அடமானப் பத்திரம் ஒன்றில் முத்தையா என்று ஒரு மகன் பெயர் இருக்கிறதாம். அவர் தன் பங்கை எழுதிக் கொடுக்காமல் கடனின் மீதி கிடைக்காது. அந்தப் பத்திரம் என் கோப்பிலும் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

பாப்பாத்தியம்மாளுக்குப் போன் செய்தேன். "அவன் கோவிச்சுட்டுப் போயி முப்பது வருசம் ஆச்சும்மா. செத்துட்டான்னு கேள்விப்பட்டோம். அதான் பேரைச் சொல்லல," என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. பச்சைப்பிள்ளைகளோடு பதினெட்டுக் குடும்பமும் தார்ப்பாயின் கீழே. நான் மூன்று நாள் ஜெபித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் இதைச் சரி செய்துகொடும்" என்பதுதான் என் ஜெபம். மனம் கல்லாகவே கிடந்தது. நான்காம் நாள் விடியலில் முழங்காலில் நின்றபோது அந்த வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. "அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பெலன் தாரும்" என்று கேட்டேன். எழுந்தபோதும் பயம் இருந்தது. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

எல்லோரையும் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். அந்தக் குடும்பங்களுக்குத் தலைவி மாதிரி இருப்பவர் ரெஜினா. அவர்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்க மறைச்சிருந்தா எங்களுக்கு எப்பிடித் தெரியப்போவுது? வந்து சொன்னீங்கள்ல. அது போதுங்கக்கா. டீயைக் குடிங்க." கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "என்ன பேரு சொன்னீங்க?"

"முத்தையா. பாலசமுத்திரத்துக்காரர்."

"நாங்க பூண்டு எடுக்க போளூருக்குப் போவோம்ல, அங்கன ஒரு முத்தையாண்ணன் இருக்காங்க. பழனிப் பக்கம்னு சொல்வாங்க. சொந்த ஊரைப் பத்திக் கேட்டா மட்டும் வாயே தெறக்கமாட்டாங்க."

மறுநாள் வெள்ளனவே ரெஜினாவும் நானும் போளூருக்கு ஜீப் ஏறினோம். முத்தையா பூண்டுக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி நிலத்தைப் பற்றியதாக இல்லை.

"எங்கக்கா இருக்காளா?"

"இருக்காங்கய்யா. மூட்டுவலிதான்."

களைக்கொத்தைக் கீழே வைத்தார். "எனக்குப் பங்கு ஒண்ணும் வேணாங்க. ஆனா செத்தவன் எப்பிடிக் கையெழுத்துப் போடுவான்? அவ வந்து, என் தம்பி உசுரோட இருக்கான்னு எழுதிக் குடுக்கட்டும். நானும் போடுதேன்."

அன்று சாயங்காலம் பாப்பாத்தியம்மாளிடம் சொன்னேன். "மலைக்கு மொதப் பஸ்சு எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார்.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் சந்தித்தார்கள். இரண்டு பேரையும் எப்படிப் பேச வைப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அந்தம்மா படியில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, என்னலே இப்பிடி எளைச்சுக் கெடக்க?"

முத்தையா கிட்டே வந்து அக்கா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். நானும் ரெஜினாவும் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பத்திரத்தை வாசித்தபோது, முத்தையா தன் உடன்பிறந்த தம்பி, உயிரோடு இருக்கிறார் என்ற வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் அந்தம்மா.

மீதிக் கடனும் வந்தது. தை பிறப்பதற்குள் பதினெட்டு வீட்டுக்கும் கூரை ஏறிவிட்டது. எழுந்து போனவருக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு. அது நியாயம்தான். ஆனாலும் பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டார்.

இப்போதெல்லாம் எந்தப் பத்திரத்தையும் கடைசிப் பக்கம்வரை ஜனங்களோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறேன். "இந்த வீட்டில் பிறந்தவர்கள் இன்னும் யார் யார்?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. தேவன் எனக்குத் தந்த இந்த வேலையை முன்னைவிட அதிகமாக நேசிக்கிறேன்.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது ஒரு தவறை மூடி வைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருக்கலாம். நானும் அப்படி இருந்தவள்தான். முதலில் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் போங்கள். பயமாகத்தான் இருக்கும். அவர் கூட வருவார். என்னோடு வந்தார்.