ஆயுத பூஜையில் காட்டிய முட்டை வண்டி

சென்னியம்மாளின் வண்டிக்குக் காப்புரிமை வாங்கித் தருகிறேன் என்று வாய் விட்டவன் நான்தான். சேலத்தில் அந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருபது வருடமாக முட்டை பொறுக்குகிறவர் அவர். முட்டை அட்டைகளை அடுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது மேடுபள்ளத்தில் குலுங்கி, அடியிலுள்ள முட்டைகள் விரிசல் விடும். திட்டு அவருக்கு விழும். லாரிப் பட்டறையில் வெல்டராக இருக்கும் கணவர் கதிர்வேலிடம் பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கேட்டு வாங்கி, எங்கே வளைப்பது, எங்கே தேய்ப்பது என்று கூடவே நின்று சொல்லி, ஏழாவது முறையில் குலுங்காத வண்டி ஒன்றை உருட்டினார். பார்த்து அசந்துபோனேன். காகிதத்தில் தன் பெயர் வருமா என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

ஒன்றரை வருடம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே வண்டியை ஊருக்குக் காட்டியாகிவிட்டதாம்; அப்படிக் காட்டிய பொருள் புதியது என்று ஆகாதாம். ஆதாரம், கதிர்வேல் இணையத்தில் போட்ட வீடியோ. ஆயுத பூஜையன்று பட்டறையில் வண்டிக்குப் பொட்டு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டியிருக்கிறார். புதிதாக ஒன்றைச் செய்துவிட்டுப் பூஜையில் வைக்காமல் ஒளித்து வைக்கிறவர் இந்தப் பக்கம் யார்? சில நாடுகளில், செய்தவரே காட்டியிருந்தால் ஒரு வருடம் பொறுத்துக்கொள்கிறார்கள். இங்கே அந்தப் பொறுமை அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்குத்தான். பட்டறைப் பூஜைக்குக் கிடையாது. இந்தச் சட்டத்தை மாற்றாமல் புதுமை செய்யுங்கள் என்று மேடை போட்டுப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த எரிச்சலில் புத்தி கெட்டு ஒரு யோசனை சொன்னேன். வீடியோவில் இருப்பது வேறு வண்டி, கணவர் பெருமைக்காக அளந்துவிட்டார் என்று விசாரணையில் சொல்லிவிடலாம். கதிர்வேல் நிமிர்ந்தே பார்க்காமல், "அப்பிடியே சொல்லிருங்க. தப்பு என்னுதுதானுங்க" என்றார்.

சென்னியம்மாள் வீடியோவைப் போடச் சொன்னார். அதில் கதிர்வேல் கூட்டத்தைப் பார்த்து, "இது எங்கூட்டுச் சென்னியம்மா செஞ்சதுங்க" என்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் மனைவியைப் பெயர் சொல்லியே கூப்பிடாத மனிதர்.

விசாரணை என் அலுவலகக் கணினியில், காணொலி வழியாகத்தான் நடந்தது. அதே வண்டிதானா என்று அதிகாரி கேட்டார். ஆமாங்க என்றார் சென்னியம்மாள். அதோடு காப்புரிமை போயிற்று.

ஏம்மா என்றேன்.

"எம்பேரு காயிதத்துல வரோணும்னு ஆசதானுங்க. அதுக்காவ, நாலு பேரு முன்னால அவரு எம்பேரச் சொன்னது பொய்யின்னு நானே எப்பிடிங்க சொல்லுவேன்?"

கதிர்வேல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.