கல்லுக்கு வைத்த பொட்டு

எங்கள் பிக்கப் வண்டியில் ஹேண்ட் பிரேக் இருந்தது, ஆனால் பிடிக்காது. லிவரை இழுத்தால் கடகடவென்று சத்தம் மட்டும் வரும். கேபிள் அறுந்து வெகுநாள் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று சித்தப்பா சொல்லும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "கல்லு இருக்கும்போது கேபிளு எதுக்குடா?"

அந்தக் கல் ஒரு கருங்கல். பைபாஸ் ரோடு வேலை நடந்தபோது ஓரத்தில் கிடந்ததை அப்பா தூக்கிவந்திருந்தார். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சரிந்து, சக்கரத்துக்கென்றே யாரோ செதுக்கிக் கொடுத்ததுபோல் இருக்கும்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெரு, மழைக்கு முங்கும் தெரு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மண் கொட்டிக் கொட்டி வாசலை உயர்த்தியதில், வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு உண்டாகியிருந்தது. செல்ஃப் மோட்டார் அடிக்கடி மக்கர் செய்யும் எங்கள் வண்டிக்கு அது வசதியாகப் போயிற்று. மூக்கைத் தெருப்பக்கம் நீட்டி மேட்டில் நிறுத்திவிடுவார்கள். காலையில் சித்தப்பா ஏறி உட்கார, அப்பா சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிக் கல்லை விலக்குவார். வண்டி தானாக உருண்டு, தெருவைத் தொடுவதற்குள் உறுமிக்கொண்டு உயிர் பெற்றுவிடும்.

திரும்பி வந்து நின்றதும் கல்லை வைப்பது என் வேலை. "கல்லு?" என்று சீட்டில் இருந்தபடியே சித்தப்பா கேட்பார். முன்சக்கரத்துக்கு அண்டக்கொடுத்துவிட்டு "கல்லு!" என்று நான் கத்த வேண்டும். அதன் பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். எட்டு வயதில் அவ்வளவு பெரிய வண்டியை நான் ஒருவன் நிறுத்திவைத்திருப்பதாக எனக்கு எண்ணம்.

கல்யாண வீடுகளுக்கு நாற்காலி, பாத்திரம், பந்தல் சாமான் வாடகைக்கு விடுவது எங்கள் பிழைப்பு. முகூர்த்த நாள்களில் வண்டி திருவந்திபுரம் கோயிலுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள் சிதம்பரம் வரைக்கும் போகும். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவதும், கெட்டுப்போனால் படுத்து எழுந்து சரிபண்ணுவதும் சித்தப்பாதான். வீட்டில் மூன்று பெரியவர்களுக்கும் கையெழுத்துக்கு மேல் எழுத்து கிடையாது. அதனால் மூன்றாம் வகுப்புப் படித்த என்னை சித்தப்பா 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி நிஜமாகவே மரியாதை.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. வண்டிக்கு அதுதான் வைத்திய மாதம். அந்த வருடமும் சித்தப்பா ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு வந்தார். ஐப்பசியின் முதல் முகூர்த்தத்துக்குள் வண்டி தயாராகிவிட வேண்டும். கியர் ராடில் ஒரு புஷ் மாற்றும் வேலை மட்டும் மிச்சமிருந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது.

முந்தின நாள் சாப்பிடும்போது, பள்ளிக்கூடத்தில் கேட்டதை நான் வீட்டில் ஒப்பித்தேன். "நமக்காக ஒழைக்கிற சாமான் எதையும் விடக்கூடாதாம். எல்லாத்தையும் கழுவி, பொட்டு வெச்சி, கும்புடணும்னு டீச்சர் சொன்னாங்க."

"டீச்சர் சொன்னா சரிதான்" என்றார் அப்பா. "அப்ப ஒங்கம்மாவுக்கும் ஒரு பொட்டு வெச்சிடு."

"மொதல்ல ஒங்கப்பாவத் தூக்கி ஓரமா வைடா. அவரு அந்தக் கணக்குல வரமாட்டாரு" என்றாள் அம்மா.

சித்தப்பாவுக்குச் சோறு புரையேறிவிட்டது. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்ததுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அப்படி அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

பூஜை நாள் காலையில் அப்பா பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போய்விட்டார். அம்மா உள்ளே சுண்டல் தாளித்தபடி குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்: "பத்தரைக்குள்ள படைக்கணும். ஒங்கண்ணன் வரதுக்குள்ள முடிங்க தம்பி." படையலில் வைத்த சாமானை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாது. எனவே சித்தப்பா கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். கால்கள் இரண்டும் இடதுபக்கம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வேலை முடிந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். "இந்தா, இத கழுவு." ஸ்பேனர்கள் வந்தன. ஸ்க்ரூ டிரைவர் வந்தது. சுத்தியல் வந்தது. குழாயடியில் உட்கார்ந்து சீயக்காய் போட்டுத் தேய்த்து, அங்கேயே பலகையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டேன். ஜாக்கி, கிரீஸ் கன், வீல் ஸ்பேனர் எல்லாம் ஏற்கெனவே பொட்டோடு உட்கார்ந்திருந்தன. வரிசையின் கடைசியில் என் தமிழ்ப் புத்தகம்.

"இன்னும் என்ன சித்தப்பா இருக்கு?"

"ஒன்னுதான் வாத்தியாரே பாக்கி."

அவர் சொன்னது ஒரு போல்ட்டை. எனக்கு அது தெரியவில்லை. இன்னும் கழுவப்படாத சாமான் எது என்று வண்டியைச் சுற்றி வந்தேன். வலது முன்சக்கரத்தின் கீழே, சேறு அப்பி, கல் கிடந்தது. எங்கள் வீட்டில் அதைப்போல உழைத்த சாமான் வேறு எது? மழையிலும் வெயிலிலும் ஒரு நாள் லீவு இல்லாமல் வண்டியைத் தாங்கிய கல்லை எல்லோரும் மறந்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நல்லவேளை, நான் படிக்கிற பையன். டீச்சர் சொன்னது ஞாபகம் வைத்திருந்தேன்.

அப்பா தட்டுவதைப்போலவே சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன்.

"என்னடா தட்டுற?"

"கழுவுறேன் சித்தப்பா."

"ம்" என்றார்.

கல் விலகி வந்தது. வண்டி நகரவில்லை. பத்து நாளாக அசையாமல் நின்ற வண்டி. சக்கரங்கள் மண்ணில் கொஞ்சம் புதைந்திருந்தன. கல் இல்லாமலே நிற்கிறதே என்று ஒரு நொடி ஆச்சரியப்பட்டேன். பிறகு வயிற்றோடு அணைத்து அதைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கழுவியபோது அதன் நிறமே வேறாக இருந்தது. கறுப்பில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பலகையில் தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனத்தை அகலமாகப் பூசினேன். நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது, கடைசி போல்ட்டை இறுக்க சித்தப்பா தம் பிடித்து முனகுவது கேட்டது. அடுத்து மண் நெரிபடும் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி சரிவில் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு மதிலில் மோதி நின்றது.

சித்தப்பா சரிவில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. தலையை மட்டும் தூக்கி, "வாத்தியாரே, எங்கடா இருக்க?" என்று கேட்டார்.

"குழாயாண்ட இருக்கேன் சித்தப்பா."

"அங்கியே இரு" என்று சொல்லித் தலையைச் சாய்த்துக்கொண்டார். உதவிக்குக் கூப்பிட நினைத்தவர், நான் சின்னப் பையன் என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார் போலும் என்று எண்ணினேன்.

பிறகு அம்மாவின் அலறல், பக்கத்து வீட்டு ஆட்கள், பொரிப் பையோடு ஓடிவந்த அப்பா. கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அன்றே சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து சித்தப்பாவைப் பார்க்க என்னை அழைத்துப் போனார்கள். பஸ்ஸில் வழி முழுக்க எனக்கு ஒரே பயம். என்ன தட்டினாய் என்று சித்தப்பா கேட்டால் என்ன சொல்வது?

கட்டிலில் போர்வை, ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்பாதான் பேச்சை எடுத்தார். "அந்தக் கல்லு எப்புட்றா நழுவுச்சி?"

"நாந்தான் அண்ணே சரியா வெக்கல" என்றார் சித்தப்பா. "அன்னிக்குன்னு பாத்து நான் வெச்சேன். ஒழுங்கா அண்டக்குடுக்கல."

கல்லை ஒருநாளும் அவர் வைத்ததில்லை. எனக்குத் தெரியும். அவருக்கு வலியில் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன்.

"நீ என்னடா பண்ணுவ? கேபிள மாத்துடான்னு நீ தலபாடா அடிச்சிக்கிட்ட. நாந்தான் கேக்கல" என்று அப்பா நெற்றியில் அறைந்துகொண்டார். "நாந்தான் பத்தரைக்குள்ள, பத்தரைக்குள்ளன்னு அவர வெரட்டினேன்" என்று அம்மா அழுதாள். மூன்று பேரும் ஒரு தப்பை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கென்று அதில் எதுவும் மிஞ்சவில்லை. தப்பித்தேன் என்று மூச்சு வந்தது. ஊருக்குத் திரும்புமுன் பசிக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

ஐப்பசி முகூர்த்தத்துக்கு எங்கள் வண்டி போகவில்லை. ஓட்ட ஆளில்லாமல் அது வாசலில் துருப்பிடித்து, கடைசியில் இரும்புக் கடைக்குப் போயிற்று. சித்தப்பாவுக்குப் பார்த்து வைத்திருந்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அப்பா சிப்காட்டில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார். நான் காலேஜ் முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன். இப்போதும் என் பைக்கை வாசலில் நிறுத்தும்போது, நாற்காலியில் இருந்தபடி சித்தப்பா சக்கரத்தைப் பார்ப்பார்; எதுவும் கேட்கமாட்டார். நானும் அன்று தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தப் பூஜை நாளின் சாயங்காலத்தை இன்னும் எழுதவில்லை.

அதுவரை என்னைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது பலகையில் சாமான்கள் அப்படியே, பொட்டோடு இருந்தன. படையல் போடவில்லை. பயந்து பயந்து வரிசையின் கடைசியைப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகம் இருந்தது. கல் இல்லை. சரிவில், சக்கரம் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, நழுவி உருண்ட கல் எப்படிக் கிடக்குமோ அப்படியே குப்புறக் கிடந்தது. புரட்டினேன். அடியில் ஈரம். சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை.

சாமிதான் என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நம்பினேன். ஓடிப்போய் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டேன். அவள் எதுவும் கேட்காமல் என் தலையைத் தன் மடியில் அழுத்தி முந்தானையால் மூடினாள். முந்தானை நனைந்திருந்தது. அதில் அங்கங்கே மஞ்சளாகவும் சிவப்பாகவும் கறை. சித்தப்பாவை நினைத்து ரொம்ப அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.