கைமடி

முதலில் வலது ஆள்காட்டி விரலின் நுனி சில்லிட்டது. சித்திரை வெயில், தகரக் கூரை, பக்கத்தில் அயர்ன் டேபிள். விரல் மட்டும் ஐஸ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கைமடி. டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை இழுத்து, திருப்பி, மடித்து அடுக்குகிற வேலை. விரல்தான் எனக்குச் சோறு. ஆனாலும் தைலம் தேய்த்தே இரண்டு மாதம் ஓட்டினேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

தமனி அடைப்பு (கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது) என்றார் கோவை டாக்டர். அதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன. மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

எடுத்த கை போகவில்லை. இல்லாத விரல்கள் முஷ்டியாக இறுகி, நகம் உள்ளங்கையில் குத்தியது.

"மாய உறுப்பு வலி (இல்லாத உறுப்பில் வலி தெரிவது). கை போனது மூளைக்கு இன்னும் தெரியலைம்மா," என்றார் டாக்டர்.

"எப்பத் தெரியுமுங்க?"

அவர் மாத்திரை எழுதினார். வலி பாதி குறைந்தது. முஷ்டி திறக்கவில்லை.

இடது விரல்களும் மரத்திருந்தன. எதை அழுத்திப் பிடித்தாலும் வெளுத்துவிடும். என் மாமன் மகள் கவிதா கம்ப்யூட்டர் படித்தவள். இணையத்தில் படம் பார்த்து இது சட்டை, இது பாவாடை என்று பிரித்துச் சொல்லும் துண்டு வேலை இருப்பதாகச் சொன்னாள். மௌஸ் பிடிக்க முடியாதவர்கள் கேமரா முன் கையசைத்தே அதைச் செய்ய ஒரு புரோகிராமும் எழுதிக்கொண்டிருந்தாள். கேமரா கையைக் கண்டால் திரையில் ஒரு வெள்ளைக் கை தோன்றும்.

விரலில்லாத வலது கையை நீட்டினேன். ‘கை இல்லை’ என்றது திரை. அழுதுவிட்டேன்.

"அஞ்சு விரலை எண்ணுதுங்கக்கா. என்ற தப்புங்க," என்றாள் கவிதா. விரல் கணக்கை எடுத்துவிட்டு, முன்கை அசைவை மட்டும் பார்க்கும்படி மாற்றினாள்.

மறுநாள் திரையில், ‘தேர்ந்தெடுக்க: கை மடி’. கையை மடக்கு என்பதை அப்படி எழுதியிருந்தாள். இந்த ஊரில் அதைப் படித்துவிட்டு யார் கையை மடக்குவார்கள்? இழுத்தேன், திருப்பினேன், அடுக்கினேன். முன்கை தானாக ஓடியது.

திரையில் ஐந்து விரலோடு அந்த வெள்ளைக் கை என் வேகத்தில் மடித்தது. இங்கே முஷ்டி விரிந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"என்னங்கக்கா பண்றீங்க?"

"கைமடிக்கிறேன் கண்ணு. தேர்ந்தெடுக்க இந்த அசைவையே வெச்சுக்க."

இப்போது தினமும் எட்டரைக்கு வேலைக்கு உட்காருகிறேன். வலி பெரும்பாலும் இல்லை. ஆனால் நான் கையை இறக்கி மடியில் வைத்த பிறகும் வெள்ளைக் கை திரையில் நின்று, இன்னும் ஒன்றிரண்டு மடிக்கிறது. எனக்கு நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கைக்கு இன்னும் அதே கம்பெனி, அதே சித்திரை.

அது புரோகிராம் கோளாறு, சரிசெய்துவிடலாம் என்றாள் கவிதா.

"இருக்கட்டும் கண்ணு," என்றேன். "எடுத்த பீஸை முடிச்சுட்டு வரட்டும்."