நூல் பிடித்தவன்

சென்ற சனிக்கிழமை எனக்கு மாலை போட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒன்று. இது இரண்டாவது. கழுத்து அரித்தது.

எங்கள் காலேஜில் ஓடிப் பேர் வாங்கியவர்களுக்கும், பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கும் மரியாதை செய்கிற கூட்டம். நான் அங்கே மணியடிக்கிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாரம்தோறும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் நாளில் மட்டும் எனக்கு இன்னொரு வேலை உண்டு — பந்தயம் முடிகிற இடத்தில் நூல் பிடிப்பது.

அது என்ன பெரிய வேலை என்பீர்கள். சிவப்புக் கம்பளி நூல். பிரின்சிபால் துரையின் மனைவி தம் பின்னல் கூடையிலிருந்து எடுத்துத் தருவார். இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். விரலில் ஒரு சுற்று. ஓடி வருகிறவன் நெஞ்சு பட்டதும் விட்டுவிட வேண்டும். பிடிக்க யாராலும் முடியும்... விடத்தான் பழக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நமக்குப் பக்கத்தில் ஓடுகிறவன் நெஞ்சு பட்டால் விரலில் வெடுக்கென்று இருக்கும். தள்ளி ஓடுகிறவன் என்றால் மெல்ல இழுக்கும். முதலில் தொட்டது யார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். தீர்ப்புச் சொல்வது மட்டும் வெள்ளைக்காரத் துரைமார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஹாலின் பின்வாசல் பெஞ்சில் நானும் டிரில் மாஸ்டர் தங்கையாவும் உட்கார்ந்திருந்தோம். தங்கையாவுக்குப் புதுக்கடை என்கிற ஊர். பத்து வருஷத்துக்கு முன் இங்கே படித்தபோது கால் மைல் ஓட்டத்தில் முதலாவது. ஓட்டத்துக்கு ஒரு மாலை, வேலைக்கு ஒரு மாலை — அவருக்கு இரண்டு.

அதே ஓட்டத்தில் இரண்டாவது வந்த சேவியரும் வந்தார். இப்போது கடற்கரை ஊரான இனயத்தில் பள்ளிக்கூட வாத்தியார். கூடவே அவர் அப்பா. பெரியவருக்கு இரண்டு கண்ணும் வெளுத்திருந்தன. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"என்னவே சேவியரே, இன்னைக்கும் ரெண்டாவதாத்தான் வந்திருக்கீரு!" என்றார் தங்கையா.

"நான் இனயத்துல இருந்து வாறேன். நீரு அடுத்த ரூம்ல இருந்து வாறீரு. யாரு முந்தின்னு துரைமாரைத்தான் கேக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"நூல் பிடிச்ச ஆளு இங்க உண்டா?"

"நான்தான்" என்றேன்.

"அன்னைக்கு நானும் வந்திருந்தேன். எனக்க மவன் முந்திப் போனத கண்டேன். ஊர்ல போய்ச் சொன்னேன். எல்லாவனும் சிரிச்சான். நாலு துரைமாரு கண்டது ஒண்ணு, உமக்குத் தெரிஞ்சது வேறயா? கண்ணு போச்சுவே உமக்குன்னான்."

"அத விடும் அப்பா" என்றார் சேவியர். பிறகு அவரே என்னிடம் மீதியைச் சொன்னார்.

பெரியவர் கரையில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து, மீன் கூட்டம் எங்கே வருகிறது என்று வலைக்காரர்களுக்குக் கை காட்டிவந்தவர். அந்த ஓட்டத்துக்குப் பிறகு அவர் கை காட்டினால், "நல்லா தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"இப்ப ஒண்ணும் தெரியல்ல. அது வயசு" என்றார் பெரியவர். "அன்னைக்கு எனக்க கண்ணு கள்ளம் சொல்லிச்சா? அத மட்டும் சொல்லும்."

எனக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தெரியும்.

"மணியடிக்க நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டேன்.

நேரம் ஆகவில்லை. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். சேவியர் என் பக்கம் ஓடி வந்தார். தங்கையா அந்தப் பக்கம். என் விரலில் வெடுக்கென்று இருந்தது. விட்டுவிட்டேன். எதிரே பிடித்திருந்தவர் புதிதாக வேலைக்கு வந்த கிளார்க்கு. கை தட்டுகிற சந்தோஷத்தில் அவர் விடவில்லை. நூல் சேவியர் மேலிருந்து வழுக்கிப் போய்த் தங்கையாவின் நெஞ்சில் சுற்றிக்கொண்டது. துரைமார் ஓடி வந்து பார்த்தார்கள். நூல் இவன் மேல் இருக்கிறது... இவன்தான் முதலாவது!

நான் என் வேலையைச் சரியாகச் செய்ததால் வந்த தப்பு அது.

இத்தனை காலமும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிவந்தேன் — என்னை யார் கேட்டார்கள்? இப்போது ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டும் நான் சொல்லவில்லையே?

ஜெபம் ஆயிற்று. பாட்டு ஆயிற்று. ஸ்டேஜுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகை தொங்கியது. வருஷவாரியாக ஜெயித்தவர்கள் பெயரைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை பெயிண்டர் வந்து அதன்மேல் பொன் எழுத்தில் எழுதுவாராம்.

ஒவ்வொருவருக்காக மாலை விழுந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். மாலையும் நூல்தானே? யார் மேல் கிடக்கிறதோ அவரைப் பார்த்துத் தட்டுகிறோம்.

என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"பத்து வருஷத்துக்கு முந்தி கால் மைல் ஓட்டத்துல நூல் பிடிச்சது நான். முதல்ல பட்டது சேவியர் நெஞ்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

பிரின்சிபால் துரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனாலும் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "என்ன சொல்லுகிறான்?" என்று கேட்டார்.

தங்கையாவின் முகம் கறுத்துவிட்டது.

"பத்து வருஷமா தினமும் என் மூஞ்சியில முழிச்சீரே. ஏன்வே சொல்லல்ல?"

"பயம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

முன்வரிசையிலிருந்து பெரியவர் குரல் வந்தது. "லே சேவியரே, கேட்டியா?"

"கேட்டேன் அப்பா."

"ஊர்ல போய் எல்லாவன்கிட்டயும் சொல்லணும், என்னா? எனக்க கண்ணு நல்ல கண்ணாக்கும்."

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மகன் தோளை விட்டுவிட்டு என் கையைத் தேடிப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாமே மக்கா" என்றார். "கண்ணு இருந்த காலத்துல... எத்தனை மீனைக் காட்டிக் குடுத்திருப்பேன்!"

தங்கையா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஹாலைத் திறந்தேன். பலகையில் தங்கையா பெயர் இருந்த அந்த ஒரு வரியை யாரோ துடைத்துவிட்டுச் சேவியர் பெயரை எழுதியிருந்தார்கள். முதல் மணி அடிக்கும்போது தங்கையா என்னைக் கடந்து போனார். அவர் சட்டைக் கையில் சாக்கட்டித் தூள்.

நூலை நான் சரியான நேரத்தில்தான் விட்டேன். வாயிலிருந்த வார்த்தையைத்தான் பத்து வருஷம் விடாமல் பிடித்திருந்தேன்.