வாரேன்னு சொல்லிட்டுப் போங்க

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். இந்த வயதில் எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கொட்டாம்பட்டிப் பக்கம் இருந்த அந்த வீட்டில் முதல் நாளே பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்னத்தா, சொல்லாமக் கொள்ளாமப் போறீக? வாரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

கூப்பிட்டது, இறந்துபோன ராணுவ வீரனின் அம்மா. எல்லையில் ரோந்து போன வண்டியில் குண்டு வெடித்து மகன் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மதுரையில் எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேர், இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு மாதம் இரண்டு முறை போய்வந்துகொண்டிருந்தோம். மாலை வைக்க வந்தவர்களும் போட்டோ எடுக்க வந்தவர்களும் போன பிறகுதான் அந்த வீடுகளுக்கு ஆள் தேவைப்படும் என்பது எங்கள் எண்ணம். பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டோம். பென்ஷன் பாரம் நிரப்பிக் கொடுப்போம், கூட உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம், அழுதால் அழவிடுவோம்.

இந்த அம்மாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். “வாரேம்மா” என்று சந்தோஷமாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை கிளம்பும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். “மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வழியாத்தான வாரீக? மருமகளுக்கு ரெண்டு முழம் மல்லிகப்பூ வாங்கிட்டு வாங்க.”

எனக்குப் புல்லரித்துப் போனது. புருஷனை இழந்த மருமகளுக்குப் பூ வாங்கி வரச் சொல்லும் மாமியாரை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தால் அதைவிடப் பெரிய சேதி கிடைத்தது. பதினாறாம் நாள் தாலியை இறக்க உறவுக்காரப் பெண்கள் வந்தபோது, இந்த அம்மா குறுக்கே நின்று, “எம்மருமக கழுத்துல எவ கை வச்சாலும் கைய ஒடிச்சிருவேன்” என்று விரட்டிவிட்டாராம். படித்த நாமெல்லாம் மேடையில் பேசுவதை ஒரு பட்டிக்காட்டுப் பெண் செய்து காட்டிவிட்டாள் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு முறையும் பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்து நல்ல மொட்டாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த மருமகள் பெண் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். ஒன்றும் பேசமாட்டாள். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து எங்களை ஏற்றிவிட்டுப் போவாள். அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், பஸ் வரத் தாமதமானபோது அவளே பேசினாள்.

“அக்கா, இனிமே பூ வாங்கிட்டு வராதீக.”

ஊரில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று சண்டைக்குத் தயாராகக் கேட்டேன்.

“ஊருல யாரும் சொல்லல. அவுக ஒடம்பு வந்த பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு மிலிட்டரிக்காரக சொல்லிட்டாக. மொகத்தப் பாக்காததால, அது எம்மகனே இல்ல, அவன் வருவான்னு அத்த சொல்லுறாக. அதுக்குத்தான் இந்தத் தாலி, அதுக்குத்தான் பூவு. நான் அழுதா, உசுரோட இருக்கவனுக்கு எதுக்குடி ஒப்பாரின்னு வாயப் பொத்துறாக. இன்னைக்கு வரைக்கும் நான் வாய்விட்டு அழுகலக்கா.”

கூட வந்த இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களும் பூவோட வாரீக, வாரேன்னு சொல்லிட்டுப் போறீக. அவுக செத்துட்டாகன்னு எங்கூடச் சேந்து ஒரு ஆளாச்சும் நம்பணும்ல? ஒரே ஒரு தடவ, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டு, சொல்லாமப் போங்கக்கா.”

சரி என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அடுத்த முறை மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட் பக்கமே போகவில்லை. நேராக பஸ் ஏறினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அம்மா என் கைப்பையைத்தான் பார்த்தார். “பூ எங்கத்தா?” என்றார். உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். “மறந்துட்டேம்மா” என்றேன். அவர் வாசலுக்குப் போய்ச் செடியில் இருந்த கனகாம்பரத்தைப் பறித்து வந்து, தானே கட்டி, மருமகள் தலையைத் திருப்பி வைத்துவிட்டார்.

கிளம்பும் நேரம் வந்தது. மூன்று பேரும் பேசாமல் எழுந்தோம். நான் செருப்பை மாட்டினேன். அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். படி இறங்கி இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

“ஆத்தா...”

திரும்பியிருக்கக் கூடாது. திரும்பிவிட்டேன். அந்த அம்மா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்தது பயம். மகன் வரமாட்டான் என்பது இந்த அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“வாரேன்னு சொல்லு தாயி” என்றார். இத்தனை நாளும் அதட்டிக் கேட்டவர் அன்று கெஞ்சினார்.

“வாரேம்மா” என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு அன்று நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் நடந்தோம்.