எகிப்துப் படத்து மாமியார்

பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு ஓர் எகிப்துக்காரியுடையது. என் வயதுதான் இருக்கும். அவளுக்கு அரபும் பிரெஞ்சும் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ வணக்கத்துக்குப் பொஞ்சூரும் நன்றிக்கு மெர்சியும் மட்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நான் அங்கே போய் இருப்பேன். சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணீர் தருவாள். தன் நாட்டுப் படக் கசெற்றுகளை ஒவ்வொன்றாய்ப் போடுவாள்.

அந்தப் படங்களில் ஒரு நடிகை அடிக்கடி வருவாள். மெல்லிய புருவம், நிமிர்ந்த கழுத்து. கறுப்பு வெள்ளைப் படங்களில் இளம்பெண்ணாக, யாரோ ஒருவரின் கலியாண வீட்டில் தனியே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கலர்ப் படங்களில் சின்னம்மா. பிந்திய நாடகங்களில் நரைத்துப்போய், இடுப்பில் கிலுங்கும் அலுமாரித் திறப்புக் கோர்வையோடு மாமியார். பேச்சு விளங்காதபடியால் நான் முகத்தைப் பார்த்துத்தான் கதையைப் பிடிப்பேன். இவள்தான் கதாநாயகி என்று முதல் நாளே எனக்கு நிச்சயம். வீட்டைக் கட்டி ஆள்கிறாள், ஒருவரிடமும் கையேந்துவதில்லை, அழுவதில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு சின்னப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாள். அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

அந்த நடிகையின் ஒரு செய்கை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. மருமகள் சமைத்த சட்டியின் மூடியைத் தூக்குவாள், மணம் பார்ப்பாள், ஒரு சொல்லும் சொல்லாமல் மூடிவிட்டுப் போவாள். என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். வீட்டில் நானும் அப்படியே செய்யத் தொடங்கினேன். குற்றம் சொல்லாத மாமியார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு லீவு நாளில் மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். என் நடிகையை அவளும் பார்க்கட்டும் என்ற பெருமை. அன்றைய நாடகத்தில் மகன் தாயை, அதுதான் என் நடிகையை, வீட்டைவிட்டுப் போகச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீலைத் தலைப்பால் துடைத்தேன். எகிப்துக்காரி என்னைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். மருமகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை மாமி."

"சொல்லு பிள்ளை. என்னைப் பற்றித்தானே கதைக்கிறா?"

"உந்த மனுசி எல்லாப் படத்திலயும் கெட்டவளாத்தான் வாறவவாம். அவவுக்காக அழுத ஆள் நீங்கள் ஒருத்திதானாம்."

"நல்லவளா ஒரு படத்திலயும் வரேல்லையோ?"

மருமகள் கேட்டுச் சொன்னாள். "ஒருக்கா வந்தவவாம். சனம் நம்பேல்லையாம். எப்ப விசம் வைக்கப் போறா எண்டு கடைசி மட்டும் பாத்துக்கொண்டிருந்ததாம். சந்தையில அவவுக்கு மீனும் விக்க மாட்டினமாம். மற்றும்படி நடிப்புக்கு வெளியில பாவம், சரியான சாதுவாம்."

அவள் சொல்லி முடிக்க, திரையில் அந்த நடிகை வீட்டைவிட்டுப் போகாமல் குசினிக்குள் வந்தாள். மூடியைத் தூக்கினாள். மணம் பார்த்தாள். பேசாமல் மூடினாள். மருமகளாக வந்த சின்னப் பெண் அழுதாள்.

என் மருமகள் திரையைப் பார்த்தாள், பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். தேத்தண்ணீர்க் கிளாசை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மெர்சி சொல்லாமலே எழும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் மருமகள் மீன்குழம்பு வைத்தாள். நான் குசினி வாசலோடு நின்றுவிட்டேன்.

"திறந்து பாருங்கோவன் மாமி."

"வேண்டாம் பிள்ளை."

"பாருங்கோ."

திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"புளி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றேன்.

"உப்பிடி அண்டண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமி. உப்போ, புளியோ, இல்லாட்டி நான்தானோ எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

மூடியைத் திரும்பச் சட்டியில் வைக்க எனக்குக் கை வரவில்லை.